மதில் யாரைப் பார்க்கிறது?

(கண்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, "மாஸ்டர் போன மாதம் காலிக்குப் போய் வந்தவர், அதைப் பற்றித்தான் பேசப் போகிறார்" என்றார். முன்வரிசையில் ஒரு சிறுவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவன் ஏன் சிரித்தான் என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பேச்சில் காலி என்றால் ஒன்றுமில்லை. பானை காலி, அரிசிச் சாக்கு காலி, மாதக் கடைசியில் அப்பாவின் சட்டைப்பை காலி. அந்தப் பெயரை ஓர் ஊருக்கு வைப்பார்களா?

தம்பி, பழைய தமிழில் காலி என்றால் மாட்டு மந்தை. சிங்களத்தில் மாட்டுப்பட்டிக்கு உள்ள சொல்லும் இந்த ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 'கல' என்றால் அவர்களுக்குக் கல், பாறை. பாறைமேல் இருக்கும் ஊர் ஆகையால் அதுதான் பெயர் என்பாரும் உண்டு. போர்த்துக்கேயருக்கோ அந்த ஒலியில் சேவல் கூவியது. அவர்கள் மொழியில் சேவலுக்கு 'காலோ' என்று பெயர். இன்றைக்கும் காலிக் கோட்டையின் பழைய வாசலில் ஒரு சேவல் கல்லில் நிற்கிறது. மாடு, பாறை, சேவல் என்று மூன்றையும் ஒரு பெயருக்குள் அடைத்து வைத்திருக்கிற ஊரைப் பார்த்துக் காலி என்றால் எப்படி?

நண்பர்களே, இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அந்த ஊரின் மதில். ஒரே ஒரு மதில். 'மலையில் இருக்கிற நமக்கு, தெற்குக் கரையில் கிடக்கும் ஒரு மதிலோடு என்ன உறவு?' என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

1988ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் யுனெஸ்கோ நம்முடைய கண்டியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு, அதே பட்டியலில், காலிப் பழைய நகரமும் அதன் அரண்களும் சேர்ந்தன. ஒரே ஆண்டில் தொட்டிலில் போட்ட இரண்டு பிள்ளைகள்! ஆனால் அந்த இரண்டும் எப்படிப்பட்ட பிள்ளைகள்? ஒன்று மதிலால் ஆன ஊர். மற்றது மதிலே இல்லாத ஊர்.

கண்டிக்கு மதில் எங்கே இருக்கிறது? ஏரிக்கரையில் இருக்கிறதே என்பீர்கள். உண்மை. கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வெட்டுவித்த ஏரியைச் சுற்றி அலை அலையாக, மேகம் மேகமாக ஒரு வெள்ளைச் சுவர் ஓடுகிறது. சிங்களத்தில் அதை 'வலாகுளு பம்ம' என்கிறார்கள், மேகச் சுவர். அதன் உயரம் எவ்வளவு? ஒரு பையன் தாண்டிக் குதிக்கலாம். அதில் இருக்கும் முக்கோண மாடங்கள் எதற்கு? எண்ணெய் விளக்கு ஏற்றி வைக்க. பீரங்கிக்கு அங்கே இடமே கிடையாது. விளக்கு வைக்கச் சுவர் கட்டிய ஊர் இது.

அப்படியானால் நம் ஊரைக் காத்தது எது? பலனைக் கணவாய் காத்தது. கடுகண்ணாவை ஏற்றம் காத்தது. மகாவலி காத்தது. காட்டுப் பாதைகளில் முள் மரங்களை அடுக்கிச் செய்த முட்கதவுகள் காத்தன. அட்டை காத்தது, மலைக்காய்ச்சல் காத்தது. பகைவன் அதையும் தாண்டி வந்தால் கண்டி மன்னர்கள் என்ன செய்தார்கள்? ஊரை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். வெறும் ஊருக்குள் நுழைந்தவன் சோறில்லாமல், உப்பில்லாமல், திரும்பும் வழி தெரியாமல் தவித்தான். அந்தச் சமயம் பார்த்துக் காடு திறந்துகொள்ளும். 1594இல் தந்துறையில் அதுதான் நடந்தது. 1638இல் கன்னொறுவையில் அதுதான் நடந்தது. 1803இல் ஆங்கிலேயருக்கும் அதுதான் நடந்தது.

கன்னொறுவை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? விவசாயத் திணைக்களம், நாற்றுப் பண்ணை, பேராதனைப் பாலத்தில் நெரியும் வாகனங்கள். நாம் தினமும் அதைத் தாண்டிப் போகிறோம். 1638 மார்ச் 28 அன்று அந்த மண்ணில்தான் இரண்டாம் ராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை மடக்கினான். தளபதி தியோகோ டி மெலோ டி காஸ்த்ரோ அங்கேயே விழுந்தார். காலிக்கு நீங்கள் தொடங்கவேண்டிய பயணம் காலியில் தொடங்குவதில்லை, பேராதனைப் பாலத்தில் தொடங்குகிறது.

எப்படி என்கிறீர்களா? வெற்றி பெற்ற ராஜசிங்கனுக்கு ஒரு குறை இருந்தது. மலைக்குள் வந்தவனை அடிக்க முடியும். கரையில் கல்மதிலுக்குப் பின்னால் இருப்பவனை அடிக்கக் கப்பலும் பீரங்கியும் வேண்டும். அவை யாரிடம் இருந்தன? ஒல்லாந்தரிடம். அதே 1638 மே மாதம் மட்டக்களப்பில் ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். போர்த்துக்கேயரை ஒல்லாந்தர் துரத்துவார்கள், மன்னர் செலவைக் கறுவாவாகக் கொடுப்பார். பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் காவல் நிற்கலாம். எப்போது? மன்னர் விரும்பினால். அந்தச் சின்னச் சொற்றொடர் போர்த்துக்கேய மொழியில் எழுதிய படியில் இருந்தது. ஒல்லாந்தர் கையிலிருந்த படியில் இல்லை! இரண்டே சொல். அந்த இரண்டு சொல் விடுபட்டதால் ஒன்றரை நூற்றாண்டு போயிற்று. பத்திரம் எழுதும்போது இரண்டு பிரதியையும் வாசித்துப் பாருங்கள் என்று நம் அப்பாமார் சொல்வார்களே, அரண்மனையில் அதைச் சொல்ல ஆள் இல்லை.

1640 மார்ச் 13 அன்று காலிக் கோட்டை வீழ்ந்தது. வில்லெம் யாகப்ஸ் கொஸ்டர் என்ற ஒல்லாந்தத் தளபதி பிடித்தார். பிடித்தவர் சாவியைக் கொடுத்தாரா? கொடுக்கவில்லை. சில மாதம் கழித்துக் கணக்குத் தீர்க்க அவரே கண்டிக்கு ஏறி வந்தார். பேச்சு முறிந்தது. மனக்கசப்போடு கிழக்குக் கரைக்குத் திரும்பும் வழியில், துணைக்கு அனுப்பிய ஆட்கள் கையாலேயே கொலையுண்டார். நம் சிங்கள அயலவர்களிடம் ஒரு பழமொழி உண்டு: இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை. போர்த்துக்கேயர் இஞ்சி, ஒல்லாந்தர் மிளகாய். காரம் என்ன சாமானியக் காரமா?

சரி, இனி கோச்சியில் ஏறுவோம்.

விடியக் காலைக் கோச்சியில் கண்டியிலிருந்து இறங்கினால், கொழும்புக் கோட்டை நிலையத்தில் மாறவேண்டும். மேடையில் நின்று சுற்றிப் பாருங்கள். கோட்டை என்று பெயர்ப் பலகை சொல்கிறது. கோட்டை எங்கே? ஒரு மதிலும் இல்லை. 1869ஆம் ஆண்டு தொடங்கி ஆங்கிலேயர் கொழும்பு மதில்களை இடித்துத் தள்ளினார்கள். பெயர் மட்டும் மிஞ்சியது. இந்த விஷயத்தை முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு அவிழ்ப்போம்.

தெற்குக் கோச்சி கடலை உரசிக்கொண்டு போகும். மலைநாட்டுக்காரருக்கு அந்த இரண்டரை மணி நேரமே போதும், வேறு சுற்றுலா வேண்டாம். களுத்துறை, பேருவளை, அம்பலாங்கொடை. அடுத்து ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய. அங்கே பெட்டிக்குள் பேச்சு அடங்கும். 2004 டிசம்பர் 26 காலை, மாத்தறைக்குப் போன கோச்சியைக் கடல் அந்த இடத்தில்தான் புரட்டிப் போட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே கோச்சியில் மாண்டார்கள். என் எதிரே இருந்த பெண் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலியில் இறங்கி, பஸ் நிலையத்தைத் தாண்டினால் எதிரே நிற்கிறது மதில். எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் அதற்கு முகம் எங்கே, முதுகு எங்கே என்று பார்ப்பேன். துறைமுகக் கோட்டைக்கு முகம் எங்கே இருக்கவேண்டும்? கடல் பக்கம். கப்பலில்தானே பகைவன் வருவான்? நான் அப்படித்தான் நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். நேரில் போய் நின்றபோதுதான் என் பாடத்தை நானே அடித்து எழுதவேண்டி வந்தது.

காலிக் கோட்டையின் ஆகப் பெரிய, ஆகத் தடித்த, ஆகக் கடுமையான மதில் தரையைப் பார்க்கிறது! வடக்கைப் பார்க்கிறது! நம்மைப் பார்க்கிறது!

போர்த்துக்கேயர் முதலில் கட்டியதே அந்தப் பக்கம்தான். தரை முனையை அடைத்து மூன்று கொத்தளங்களோடு மதில் எழுப்பினார்கள். கடல் பக்கம் பாறைதானே, யார் ஏறப்போகிறார்கள் என்று அங்கே மரவேலியோடு விட்டுவிட்டார்கள். அவர்கள் பயந்தது யாருக்கு? உள்நாட்டிலிருந்து வரும் படைக்கு. முதலில் சீதாவாக்கை, பிறகு கண்டி. ஒல்லாந்தர் 1663ஆம் ஆண்டு தொடங்கி அந்த மூன்று கொத்தளங்களையும் பெருப்பித்து, முழுக் குன்றையும் சுற்றி வளைத்து, மொத்தம் 14 கொத்தளங்கள் எழுப்பினார்கள். தரையைப் பார்க்கும் மூன்றுக்கும் என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? சூரியன், சந்திரன், நட்சத்திரம். வானத்தில் உள்ள மூன்றையும் இறக்கி வந்து கண்டிக்கு எதிரே காவல் வைத்துவிட்டார்கள். இந்தக் கையகல மலைநாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு யார் செய்தார்கள், சொல்லுங்கள்?

மதில் நம்மைத் தடுத்தது. ஆனால் மதிலுக்குள் இருந்தவன் நம்மை நம்பித்தானே வாழ்ந்தான்? கறுவா எங்கே விளைந்தது? பாக்கு எங்கிருந்து இறங்கியது? யானை எந்தக் காட்டில் பிடிபட்டது? உள்நாட்டிலிருந்து பொதி இறங்காவிட்டால் துறையில் நிற்கும் கப்பலுக்கு ஏற்ற என்ன இருக்கும்? மறுபக்கம் நம் கதையைப் பாருங்கள். 1766இல் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனிடம் ஒல்லாந்தர் கையொப்பம் வாங்கி, தீவின் கரை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து கண்டி கடலில்லாத நாடு. கடல் இல்லாவிட்டால் என்ன என்கிறீர்களா? உப்பு? கருவாடு? மலைநாட்டு அடுப்பில் கருவாடு இல்லாத ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். உடன்படிக்கையில் மன்னர் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்ட சில விஷயங்களில் ஒன்று, உப்பளங்களில் தன் குடிகள் உப்பு அள்ளும் உரிமை. அரியணை ஒரு பக்கம், உப்புச் சிரட்டை ஒரு பக்கம்!

வாருங்கள், உள்ளே போவோம். வாகனங்கள் நுழையும் பெரிய வாசல் ஆங்கிலேயர் 1873இல் மதிலை வெட்டித் திறந்தது. அதை விடுங்கள். துறைமுகப் பக்கம் இருக்கும் பழைய வாசலுக்குப் போங்கள். வெளிப்புறம் பிரித்தானிய அரச முத்திரை. அதைப் பார்த்துக்கொண்டே வளைவுக்குள் நடந்து, உள்ளே வந்ததும் திரும்பிப் பாருங்கள். ஒல்லாந்தக் கம்பனியின் மூன்று எழுத்துகள், இரண்டு பக்கமும் சிங்கம், உச்சியில் நான் சொன்ன சேவல், 1669 என்ற ஆண்டு. 1796இல் ஊரை எடுத்துக்கொண்ட ஆங்கிலேயர் வீட்டு வாசலில் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டினார்கள். உள்ளே பழைய சொந்தக்காரன் பெயரைக் கழற்றவில்லை. சோம்பலா, பெருந்தன்மையா? எனக்கென்னவோ சோம்பல் என்றுதான் படுகிறது. வரலாற்றில் பல நல்ல காரியங்கள் சோம்பலால்தான் நடந்திருக்கின்றன.

தேவாலயத்தைப் பற்றி வழிகாட்டிகள் நிறையச் சொல்வார்கள். 1755இல் கட்டிய ஒல்லாந்தத் திருச்சபைக் கோயில். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மண்டையோடும் எலும்பும் செதுக்கியவை. பார்க்கவேண்டியதுதான். எனக்கு அதைவிட வியப்பு தெருவுக்கு அடியில் இருந்தது. ஒல்லாந்தர் வெட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள் ஊர் முழுவதும் நிலத்தடியில் ஓடுகின்றன. அவற்றைக் கழுவக் கடல்நீரையே உள்ளே விட்டார்கள்; நீரேற்ற ட்ரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலை சுழன்றது. பதினேழாம் நூற்றாண்டு வேலை! நம் நகரத்தில் அரை மணி நேரம் மழை பெய்தால் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தெருப் பெயர்களை வாசித்துக்கொண்டே நடந்தேன். லேன்பான் தெரு என்று ஒன்று. ஒல்லாந்த மொழியில் கயிறு திரிக்கும் இடம்; கப்பலுக்கு வடம் முறுக்கியவர்கள் இருந்த தெரு. அடுத்து ஒரு பலகை, என்னை நிறுத்திவிட்டது. பரவா தெரு! தூத்துக்குடிக் கரையில் முத்துக் குளித்தார்களே, அந்தப் பரவர் பெயரில் தெரு. ஐரோப்பியன் கட்டிய மதிலுக்குள், ஐரோப்பியன் வரைந்த வரைபடத்தில், தமிழ்க் கடலோடி ஒருவன் தன் பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

பெயர் மட்டுமா? பேச்சும் இருக்கிறது. வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்மா பள்ளிவாசல். வெள்ளையடித்த இரண்டு கோபுரங்களோடு, தூரத்தில் பார்த்தால் தேவாலயம் போலவே நிற்கும். அந்தப் பக்கம் மாணிக்கக் கல் கடை வைத்திருந்த ஒரு முதியவர், வெயிலுக்கு ஒதுங்கிய என்னைப் பார்த்து, "எங்க இருந்து வாறீங்க சேர்?" என்றார், தமிழில்! "கண்டியில் இருந்து, நானா" என்றேன். "கண்டியா! எங்கட மூத்த மகளை அக்குறணையிலதான் கட்டிக் குடுத்திருக்கு. அங்க மழையா?" என்றார். நானூறு வருடம் மதில் கட்டிப் பிரித்து வைத்த இரண்டு ஊர்களை ஒரு கல்யாணம் எப்படிச் சேர்த்துவிட்டது பாருங்கள். தேத்தண்ணி வந்தது. கல் வாங்கச் சொல்லவே இல்லை. என் சட்டையைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எந்த மதிலுக்கும் முந்திய கதை இது.

1911ஆம் ஆண்டு. காலி நகரத்தில் ஒரு பொறியியலாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் தொமலின். கிரிப்ஸ் வீதியில், ஒரு வடிகாலுக்கு மேல் மதகு மூடியாகக் கிடந்த கல்பலகை அவர் கண்ணில் பட்டது. எத்தனை மாட்டு வண்டி ஏறியிருக்கும் அதன்மேல்! எத்தனை பேர் மிதித்திருப்பார்கள்! அதைப் புரட்டினார்கள். அடிப்பக்கம் எழுத்து. ஒரு மொழியா? மூன்று மொழி! சீனம், பாரசீகம், மூன்றாவது தமிழ்!

யார் வைத்த கல்? சீன மாலுமி செங் ஹோ. மிங் பேரரசர் யொங்லேயின் பெருங்கப்பற்படையோடு இந்து சமுத்திரத்தைச் சுற்றி வந்தவர். கல்லில் உள்ள காலக் கணக்கு 1409. போர்த்துக்கேயர் இந்தத் தீவைக் கண்ணால் காண்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் முன்னால். சீன எழுத்து புத்தர் பெருமானுக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீக எழுத்து அல்லாஹ்வின் பெயரில் பேசுகிறது. தமிழ் எழுத்து யாரைப் பாடுகிறது? தெனவரை நாயனாரை. இன்று தெவிநுவர என்கிறோமே, தீவின் தென்கோடி, அங்கே கோயில் கொண்டிருந்த தெய்வம். ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கை. ஒருவருக்குக் கூட்டி, ஒருவருக்குக் குறைத்துச் செய்யவில்லை.

கேட்கிறேன்: சீனப் பேரரசன் தமிழில் ஏன் எழுதினான்? தமிழ்மேல் காதலா? இல்லை ஐயா. அந்தத் துறையில் வணிகம் பேச வேண்டுமானால் தமிழ் வேண்டும், அதனால் எழுதினான். அந்தக் கரையில் தமிழ் விருந்தாளியாக வரவில்லை, தராசோடு வந்தது. 1344இல் மொரோக்கோவிலிருந்து வந்த இப்னு பதூதாவும் தெனவரைக் கோயிலைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து காலி வழியாகத்தான் போனார். அவர் கண்ட காலி ஒரு சிறிய ஊர். கோட்டை இல்லை, கொத்தளம் இல்லை. மூன்று தெய்வத்துக்கும் சேர்த்து ஒரு கல் நாட்ட இடமிருந்த ஊர்.

அந்தத் தெனவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துத் தீயிட்டார்கள். அதன் காணிக்கை எழுதிய கல் காலிச் சாக்கடைக்கு மூடியாயிற்று. குப்புறக் கிடந்ததால் எழுத்து தேயாமல் தப்பியது. இன்று கல் கொழும்புத் தேசிய அரும்பொருட்சாலையில் இருக்கிறது. காலிக்குப் போகிறவர்கள் போகும் வழியில் அதைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஏனென்றால் கோட்டைக்குள் எல்லோரும் உங்களுக்கு ஒல்லாந்தக் கதையைத்தான் சொல்வார்கள்.

கொழும்பு நிலையத்தில் ஒரு முடிச்சுப் போட்டோமே, அதை இப்போது அவிழ்ப்போம். கொழும்பு மதில் போயிற்று, காலி மதில் எப்படித் தப்பியது?

ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் நீராவிக் கப்பல்கள் முதலில் காலியில்தான் நங்கூரமிட்டன. 1850களில் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை காலியில் புறா வளர்த்தது. கப்பல் வந்ததும் புதுச் செய்தியைச் சுருக்கி எழுதிப் புறாவின் காலில் கட்டிக் கொழும்புக்குப் பறக்க விடுவார்கள். அந்தக் காகிதத் துண்டில் என்ன இருக்கும்? போர்ச் செய்தி, அதோடு லண்டனில் கோப்பி விலை. அந்த விலையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தவர்கள் யார்? இங்கே, இந்தக் கண்டி மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டிருந்த துரைமார். அந்தக் கோப்பியைப் பறித்த கைகள் யாருடையவை என்று இந்த மண்டபத்தில் நான் விளக்கவேண்டுமா? புறாவின் காலில் இருந்த ஓர் எண் ஏறினால் இங்கே இன்னொரு காடு விழும். இன்னொரு கூட்டம் ராமேஸ்வரம் கடந்து, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வரும். வழியில் விழுந்தவர்கள் கணக்கு எந்தப் புறாவின் காலிலும் இல்லை.

1867இல் கண்டிக்கு ரயில் பாதை வந்தது. மலைச் சரக்கு முழுவதும் கொழும்பில் போய்க் குவிந்தது. காலித் துறையிலோ பாறைகள். தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் கப்பல் நிற்க முடியாது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1880களில் கப்பல்கள் ஒவ்வொன்றாகக் கொழும்புக்கு மாறின. காலித் துறை காலியாயிற்று! முன்வரிசைத் தம்பி, இப்போது நீ சிரிக்கலாம்.

ஆனால் அதனால் என்ன நடந்தது? கொழும்புக்குக் காசு வந்தது, காசு வந்த ஊரில் மதில் இடைஞ்சல், இடித்தார்கள். காலியில் காசு இல்லை. மதிலை இடிக்கவும் காசு வேண்டுமே! விட்டுவிட்டார்கள். நம் கண்டி ரயில் பாதைதான் காலியின் தொழிலைப் பிடுங்கியது. அதே ரயில் பாதைதான் காலியின் மதிலைக் காப்பாற்றியது. தொழிலைப் பிடுங்கியதற்குக் காலிக்காரர் இன்னும் நம்மிடம் நட்டஈடு கேட்கவில்லை.

2004 சுனாமியன்று அந்த மதில் தன் வேலையைச் செய்தது. பஸ் நிலையம் போயிற்று, கடைத்தெரு போயிற்று, கிரிக்கெட் மைதானம் சேறும் சிதைவுமாயிற்று. மதிலுக்குள் இருந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. நூற்றுக்கணக்கான வருடம் மனிதரை மறித்த பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் அன்று ஒரு காலைப் பொழுது கடலை மறித்தன. உள்ளே இருந்தவன் பிழைத்தான், வெளியே இருந்தவன் போனான். மதில் என்றால் எப்போதும் அப்படித்தான்.

இன்றைக்கு உள்ளே இருப்பவன் யார் என்றால், அது வேறு கதை. பழைய வீடுகள் பல கைமாறி உல்லாச விடுதிகளாகிவிட்டன. ஒரு கோப்பை கோப்பிக்குச் சொன்ன விலையைக் கேட்டு நான் எழுந்து வந்துவிட்டேன். ஒரு காலத்தில் நம் கோப்பியை விற்றுப் பணம் பண்ணியவர்கள், இப்போது நமக்கே விற்கிறார்கள். ஆனால் மதில்மேல் நடக்கக் காசில்லை. மாலையானால் ஊர்ப் பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள், பந்தடிக்கிறார்கள். பீரங்கி இருந்த மாடங்களில் குடைகள் விரிந்திருக்கின்றன, ஒவ்வொரு குடைக்கும் கீழே நான்கு கால்கள். பேராதனைப் பூங்காவில் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்; மேற்கொண்டு நான் சொல்லமாட்டேன், பின்வரிசையில் தலைகள் குனிகின்றன.

சந்திரக் கொத்தளத்துக்குப் பக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே நின்றேன். காலடியில் மைதானம். 2007 டிசம்பரில் மறுபடி திறந்து இங்கிலாந்தோடு ஆடினார்களே, அதே மைதானம். 2010 ஜூலை 22ஐ உங்களில் எத்தனை பேர் மறந்திருப்பீர்கள்? நம் கண்டிப் பிள்ளை, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த பிள்ளை, முத்தையா முரளிதரன், 792 விக்கெட்டுகளோடு அங்கே கடைசி டெஸ்ட் ஆட வந்தான். எட்டு விக்கெட் வேண்டும். ஏழு எடுத்தான். எட்டாவது வரவில்லை. ஓவர் மேல் ஓவர் போகிறது. இந்த மதில்மேல் சனம் நெருங்கி நிற்கிறது. கடைசியில் பிரக்யான் ஓஜாவின் மட்டை விளிம்பில் பட்டு, மஹேல கையில் போய் விழுந்தது பந்து. எண்ணூறு!

சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளம் கட்டி, கண்டிக்காரன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்த மதில் அது. வந்தான்! கையில் வாளில்லை, பந்து இருந்தது. மதில்மேல் நின்ற ஊர் முழுவதும் எழுந்து கை தட்டியது.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஓர் அறிவித்தலைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். அடுத்த மாதம் முதலாம் சனிக்கிழமை, இந்த மண்டபத்து வாசலில் இருந்து காலிக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. விடியக் காலை நான்கு மணி. முதலில் கொழும்பில் அந்தக் கல்லைப் பார்ப்போம், மதியம் கழிந்து கோட்டைக்குள் போவோம். கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு. கோப்பிக் கடை நிலவரம் சொல்லிவிட்டேன். தொப்பியோ குடையோ கட்டாயம் கொண்டு வாருங்கள். மதில்மேல் நிழல் கிடையாது. வாசலில் பெயர் எழுதுகிறார்கள், இன்னும் பதினொரு இடம் இருக்கிறது.